வான் மாமாவின் சாமிகளும் ஓட்டைகளும்

எங்களைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகும் வான் மாமாவின் வானில் எங்கெல்லாம் சாமி இருந்ததோ அங்கெல்லாம் ஓட்டை இருந்தது. எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கின தெருவில், பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். முன் கதவின் மூலையில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர். பின் சில்லுக்கு மேலே, சக்கரத்தை மூடும் இரும்பைக் கறள் ஆற அமர இருந்து தின்ற வளைவில், வேலும் மயிலுமாக முருகன். இழுவைக் கதவில் இருந்தது கொஞ்சம் பெரிய ஓட்டை; அதற்குக் கொஞ்சம் பெரிய துர்க்கை அம்மன், சிங்கத்தோடு. கூரை ஒழுகிய இடத்தில் உட்பக்கமாக ஓர் ஆஞ்சநேயர் மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தார். மாரி பிறந்தால் அந்த மலையிலிருந்து சொட்டுச் சொட்டாக எங்கள் புத்தகப் பைகளில் தண்ணீர் விழும்.

வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வருகிறவர்கள் வானைக் கண்டதும் நின்றுவிடுவார்கள். "இந்தக் காலத்திலையும் இப்பிடியொரு பக்தியோ!" என்று படம் எடுப்பார்கள். மாமா நெற்றி நிறைந்த திருநீற்றோடு பக்கத்தில் நின்று சிரிப்பார். அந்தப் படங்கள் இப்போதும் யார் யாருடைய கைபேசியிலோ இருக்கும். அவற்றில் பக்தி தெரியும், ஓட்டை தெரியாது. மாமா பிறந்ததே அதற்காகத்தான்.

ஓட்டை அடைப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பழைய பேப்பரைக் கசக்கி உருட்டி உள்ளே திணிப்பார். அதன் மேல் பட்டி பூசுவார். பட்டி காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்து, யாரோ வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றை அடிப்பார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்பதை நான் அந்த வானில்தான் கற்றேன். பால் வெள்ளை, முட்டைக்கோது வெள்ளை, பல்லு வெள்ளை என்று வான் முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கும். நிறம் அறவே ஒத்துவராத இடத்துக்குச் சாமி இறங்கி வருவார்.

"வெளியிலை தெரியாட்டில் அது இல்லை, பிள்ளை." இதுதான் அவருடைய வேதம். வான் விஷயத்தில் மட்டுமல்ல. சொந்த வீட்டுச் சுவரில் வெடிப்பு வந்தபோது கலண்டர் மாட்டினார். பல் விழுந்தபோது மீசையைத் தாழ வளர்த்தார்.

கால்மட்டத்து ஓட்டைகள்தான் அவருக்குப் பெரிய சங்கடம். அங்கே சாமியை ஒட்டக்கூடாதாம். பொய்யாக ஒட்டலாம், தாழ ஒட்டக்கூடாது. அந்தளவுக்கு ஆசாரம் உள்ள மனிதர். ஆகவே கால்மட்டத்தைக் கிரிக்கெட் வீரர்கள் காத்தார்கள். வீரர்கள் முடிந்ததும் ஒரு ஷாம்புக்காரி வந்தாள். அவளும் உரிந்துபோனபோது, எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அடித்த ஸ்டிக்கரை எங்கிருந்தோ எடுத்துவந்து பின் சில்லடியில் ஒட்டினார். எங்கள் பள்ளிக்கூடச் சின்னம் சேறு குடித்துக்கொண்டு ஊர் சுற்றியது.

"மாமா, அது எங்கடை பள்ளிக்கூடம். அதைக் கழட்டுங்கோ."

"பள்ளிக்கூடம் பெரிசோ, ஓட்டை பெரிசோ?"

ஓட்டைதான் பெரிது. சின்னத்தின் இரண்டு பக்கத்தாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருமுறை வீதியில் பொலிஸ்காரர் ஒருவர் வானை மறித்து, கதவு மூலையைச் சந்தேகத்தோடு பார்த்து விரலை நீட்டினார். விரல் பிள்ளையாரின் தும்பிக்கையை நெருங்கியது. "ஸேர், கணதெய்யோ!" என்று மாமா அலறினார். அவருக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும், பிள்ளையாரைச் சொல்லும் அந்த ஒரு சொல்தான். பொலிஸ்காரர் பதறிப்போய்க் கையை எடுத்து, அதே விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அன்று முழுவதும் மாமாவுக்கு வாய் மூடவில்லை. "பாத்தீங்களோ பிள்ளையள்? பிள்ளையார் சும்மா இருக்கேல்லை!" பிள்ளையார் சும்மா இருக்கவில்லைதான். பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு கேலிக்கும் உரிய அந்த வானில் நாங்கள் ஏன் ஏறினோம் என்று கேட்பீர்கள். வேறு வான் வரவில்லை.

எங்கள் ஒழுங்கை வடக்குக் கரையில், பிரதான வீதியிலிருந்து இறங்கிக் கடலில் போய் முடிவது. இரண்டு பக்கமும் மீன்பிடிக் குடும்பங்கள். வாடைக் காலத்தில் கடல் வந்து வீட்டுச் சுவரில் உப்பைப் பூசிவிட்டுப் போகும். வீதியால் ஓடும் மற்றப் பள்ளிக்கூட வான்காரர்கள் ஒழுங்கைக்குள் இறங்கமாட்டார்கள். "உப்புக் காத்து, வண்டியைத் தின்னும்" என்பார்கள். அதே ஆட்கள் கடற்கரைக் கோயில் திருவிழா முடியும்வரை அதே வான்களைக் கடலோரம் விட்டுவிட்டுக் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போதெல்லாம் காற்றில் உப்பு இல்லைப் போலும். எங்கள் வாசலில் நின்று எங்கள் பிள்ளைகளை ஏற்றும்போது மட்டும்தான் உப்பு. அது என்ன உப்பு என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

வான் மாமாவும் வீதிக்கு மேற்பக்கத்து ஆள்தான். ஆனால் அவர் இறங்கினார். வாசல் வாசலாக நின்று ஏற்றினார். அதற்காக அவருக்குக் கோயில் கட்டியிருக்கலாம். அதற்கு அவர் இடம் வைக்கவில்லை. தன் புகழைத் தானே பாடி முடித்துவிடுவார். "நான் ஒருத்தன்தான் வாறன்" என்பதை அம்மாவிடம் சொல்வார், கடைக்காரரிடம் சொல்வார், ஒழுங்கை நடுவில் படுத்திருக்கும் ஆட்டிடமும் சொல்வார். அம்மா பாரை மீனைப் பையில் போட்டு நீட்டினால், "உதெல்லாம் என்னத்துக்குத் தங்கச்சி?" என்பார். கை மட்டும் ஏற்கெனவே நீண்டிருக்கும்.

அவர் வருவதற்கு முந்தி எங்கள் ஒழுங்கைப் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பெரியபிள்ளை ஆனதோடு படிப்பை நிறுத்திவிடுவார்கள். பள்ளிக்கூடம் தூரம், பஸ் வந்தால் உண்டு, மாலை வகுப்பு முடிய இருட்டிவிடும். அம்மா அப்படி நின்றவள். அப்பா கடலில் காற்றைப் படித்தவர். புத்தகம் படித்தவர் அல்ல. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "என்ரை வான் இல்லாட்டில் உவள் படிச்சிருப்பாளோ?" என்று மாமா ஊர் முழுக்கக் கேட்பார். சோதனை எழுதியது நான், வான் அல்ல என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உயர்தர வகுப்பில் இரும்பு கறள் பிடிப்பது பற்றிப் படித்த அன்று, இறங்கும்போது அவரிடம் சொன்னேன். இரும்பும் தண்ணீரும் ஒட்சிசனும் சேர்ந்தால் கறள். உப்பு அதை விரட்டி விரட்டி வேலை வாங்கும். கறளைச் சுரண்டாமல் மேலே பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டு இன்னும் கெதியாகத் தின்னும் என்று.

அவர் பொறுமையாகக் கேட்டார். "உதை ஆர் சொன்னது?"

"எங்கடை ரீச்சர்."

"ரீச்சரிட்டை வான் இருக்கோ?"

"இல்லை. சைக்கிள்."

"பாத்தீரோ!" என்றார். வழக்கு முடிந்தது.

அவருடைய திறமையின் உச்சம் கதவுகள். எந்த வாகனக் கதவின் அடிவிளிம்பிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வடிந்து போவதற்காகச் செய்தவர்களே விட்டவை. மாமா குனிந்து பார்த்து அவற்றையும் கண்டுபிடித்தார். ஒன்றுவிடாமல் பட்டி வைத்து அடைத்தார்.

"மாமா, அது தண்ணி போற வழி."

"இல்லைப் பிள்ளை, செய்தவங்கள் அவசரத்திலை அடைக்க மறந்துபோனாங்கள். நான்தான் பாத்து அடைச்சனான்."

அன்று முதல் அந்த வானின் கதவுகளுக்குள் தண்ணீர் நின்றது. திருப்பத்தில் திரும்பினால் குளுக் குளுக் என்று சத்தம் கேட்கும். காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்கள் சப்பாத்து மாட்டுவோம். யாராவது புதிதாக ஏறி "என்ன சத்தம்?" என்று கேட்டால், "பின்னுக்குத் தண்ணிப் போத்தில் உருளுது" என்பார் மாமா. அந்தப் போத்தில் வருடக்கணக்காக உருண்டது.

பிறகு ஒருநாள் என் தங்கச்சியின் சாப்பாட்டுப் பெட்டி காணாமல் போனது. அவள் அப்போது சின்ன வகுப்பு. பின் சீட்டில் காலடியில் வைத்திருந்தாள். குனிந்து தேடினால் பெட்டி இல்லை. ஒரு சிரட்டை அளவு வெளிச்சம் இருந்தது. திரும்பிப் பார்த்தோம். வீதியில் ஒரு நாய் எங்கள் வீட்டுப் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"மாமா, வான் நிலத்திலை ஓட்டை!"

அவர் வேகத்தைக் குறைக்கவுமில்லை. "அது மழைத் தண்ணி வடிய நான் விட்ட வழி, பிள்ளை."

தண்ணீர் வடியவேண்டிய கதவை அடைப்பார். பிள்ளைகள் கால் வைக்கிற நிலத்தில் வடிகால் விடுவார். இந்த மனிதரோடு என்ன வாதாடுவது?

அப்பாவிடம் சொன்னேன். அங்கேயும் நான் நினைத்தது நடக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பைபர். படகில் எங்கே உடைவு வந்தாலும் நார்ப்பாயை விரித்து, பசையை ஊற்றி, இறுகவிட்டால் கல்லாகிவிடும். அப்பாவும் சித்தப்பாக்களும் வானைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சீட்டைக் கழற்றி, நிலம் முழுக்க அடுக்கடுக்காகப் பைபர் போட்டார்கள். மாமா எசமான் போலக் கதிரை போட்டு இருந்து பார்த்தார்.

"அப்பா, கறளைச் சுரண்டாமல் ஒட்டாதேங்கோ. உள்ளுக்கை இருந்து தின்னும்."

"எடி, கடலிலை மிதக்கிறது றோட்டிலை ஓடாதோ?"

கடற்கரையே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் வான் மாமா. படகில் மரமும் பைபரும்தான், இரும்பு இல்லை என்று நான் சொன்னது அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. மேலே படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்றும் அடித்தார்கள். வானுக்குள் ஏறினால் கடலுக்குப் போவது போல இருந்தது. கறள் அந்த மூடிக்குக் கீழே, யாருடைய தொந்தரவும் இல்லாமல், நிழலில் இருந்து சாப்பிடத் தொடங்கியது.

நான் பல்கலைக்கழகம் போனேன். உலோகங்கள் பற்றித்தான் படித்தேன். வேண்டுமென்றே அல்ல, ஆனால் அந்த வானுக்கு அதில் பங்கில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். படிப்பு முடிந்து ஊருக்கு வந்து, தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் படிப்பிக்கத் தொடங்கினேன். தங்கச்சி உயர்தரத்துக்கு வந்துவிட்டாள். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. சாமிகள் பெருகியிருந்தார்கள்.

ஒரு காலையில் என் ஸ்கூட்டிக்குக் காற்றுப் போய்விட, வானில் ஏறிப் பின் சீட்டில் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒழுங்கை முகப்பில் வான் திரும்பியது. வான் ஒரு பக்கம் சாய்ந்தது. காலடியில் நிலம் மறுபக்கம் சாய்ந்தது.

"என்னடி இது?"

"அது எப்பவும் அப்பிடித்தான் அக்கா. அலை மாதிரி. நல்லாயிருக்கும்" என்றாள் தங்கச்சி.

அந்தச் சனிக்கிழமை மாமா மீன் வாங்க ஒழுங்கைக்கு வந்து, வானை எங்கள் வாசல் படலையடியில் விட்டார். நான் ஒரு சாக்கை விரித்து, ரோச் லைற்றும் ஸ்குரூட்ரைவருமாக வானுக்குக் கீழே போனேன். இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினேன். ஈரம் பட்ட பனங்கட்டிக்குள் போவதுபோலப் பிடிவரைக்கும் போனது. இன்னோரிடம். அங்கேயும் அப்படித்தான். பின் சீட்டின் ஆணிகள் இரும்பைப் பிடித்திருக்கவில்லை, பைபரைப் பிடித்திருந்தன. பைபரின் ஓரங்கள் எதைப் பிடித்திருந்தன என்று தேடினேன். பழக்கத்தில் நின்றன. அந்தப் பைபர்ப் பலகை எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் சீட்டோடும் பிள்ளைகளோடும் வீதிக்கு இறங்கிவிடும்.

வெளியே மாமாவின் செருப்புகள் வந்து நின்றன.

"என்ன பிள்ளை, வானுக்குப் பிள்ளைப்பேறு பாக்கிறீரோ?"

"மாமா, இதுக்குக் கீழை இரும்பே இல்லை. குத்தினால் ஓட்டை."

"கண்ட கண்ட இடமெல்லாம் குத்தினால் ஓட்டை வராமல் என்ன செய்யும்?"

"நான் குத்தி வரேல்லை. அங்கை குத்திறதுக்கு ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத இடத்திலை எப்பிடி ஓட்டை வரும்? படிச்ச பிள்ளை மாதிரிக் கதையும்."

வெளியே வந்தேன். தலைமயிர் முழுக்கக் கறள். தங்கச்சி இனி இந்த வானில் ஏறமாட்டாள், வேறு பிள்ளைகளும் ஏறக்கூடாது என்று சொன்னேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். ஒழுங்கைத் தாய்மார் ஒவ்வொருவராகப் படலைக்கு வந்தார்கள்.

என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் நான் மடைச்சி.

"நீ படிச்சு முடிச்சிட்டாய். எங்கடை பிள்ளையளுக்கெல்லோ சோதனை வருது!" என்றாள் ஒருத்தி.

"உவ்வளவு நாளும் ஓடின வான் இண்டைக்கு மட்டும் விழுமோ?" என்றாள் இன்னொருத்தி.

அம்மா எல்லாரையும் மிஞ்சினாள். "அவரும் வராட்டில் இந்த ஒழுங்கைக்கு ஆர் வருவினம்? நீ முதுகிலை தூக்கிக்கொண்டு போகப்போறியோ?"

அம்மா கேட்டதில் பிழை இல்லை. அதுதான் எரிச்சல். வான் ஓடினால் பிள்ளைகள் வீதியில் விழும். வான் நின்றால் பிள்ளைகள் வீட்டில் விழும். மாமாவோ வானில் சாய்ந்துகொண்டு, துர்க்கை அம்மனுக்குப் பக்கத்தில் இன்னொரு சாமிபோலப் புன்னகைத்தார். "கேட்டீரோ? சனம் சொல்லுறதைக் கேளும்."

நான் குசினிக்குப் போய்க் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன். இன்னொரு கையில் மழுங்கல் கத்தி. பிள்ளையாருக்கு முன்னால் குந்தினேன்.

"ஐயோ, சாமியிலை கை வைக்காதை!" ஒழுங்கையே கத்தியது. மாமா பாய்ந்து வந்து பிள்ளையாரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

அம்மா என் ஸ்குரூட்ரைவரை வாங்கி அதன் நுனியைப் பார்த்தாள். பிடிவரைக்கும் மண்ணிறமாக இருந்தது. விரலால் தொட்டு உரசினாள். பிறகு என்னைக் கேட்டாள்: "உண்மையிலை அங்கை ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லை அம்மா."

அம்மா வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் தாம்பாளம். "கையை எடுங்கோ அண்ணை" என்றாள். "இவளின்ரை அப்பா ஓட்டை வள்ளத்திலை போறன் எண்டு நிண்டால் நான் விடுவனோ?" என்னிடம் திரும்பினாள். "உரிக்கிறதெண்டால் மரியாதையாய் உரி. நிலத்திலை போடாதை."

சுடுதண்ணீர் பட்டதும் பிள்ளையார் சுருண்டு வந்தார். அம்மா அவரைத் தாம்பாளத்தில் வைத்தாள். பின்னால் பட்டி உதிர்ந்து, அதன் பின்னால் இருந்த பேப்பர் உருண்டை என் மடியில் விழுந்தது. துர்க்கை அம்மன் வந்தாள். இழுவைக் கதவுக்குள்ளிருந்து பூவரச இலைச் சருகுகள் கொட்டின. முருகன் தனியாக வரவில்லை. மயிலோடும், வேலோடும், சில்லுக்கு மேலிருந்த வளைவில் ஒரு முழத் தகட்டோடும் வந்தார். அம்மா அந்தத் தகட்டையும் தாம்பாளத்தில்தான் வைத்தாள்.

சத்தம் கேட்டு வந்த அப்பா வானுக்குள் ஏறினார். தான் போட்ட நீல நிலத்தின் ஓரத்தில் காலை ஊன்றி அழுத்தினார். முழுப் பலகையும் ஒரு பக்கம் தூக்கியது. அந்த இடைவெளியால் ஒழுங்கை மணல் தெரிந்தது. அதுதான் தங்கச்சி கால் வைத்து இருக்கும் இடம்.

தாம்பாளம் நிறைந்த சாமிகளை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு மாமாவைப் பார்த்தார்கள். மாமா தொண்டையைச் செருமினார்.

"அப்ப இவ்வளவு நாளும் சாமிதான் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு" என்றார்.

இந்த மனிதரை என்ன செய்வது! ஆனால் அம்மா சிரிக்கவில்லை. "சாமியும் களைச்சுப்போச்சு அண்ணை. இனி கறளை வெட்டிப் புதுத் தகடு ஒட்டுங்கோ."

அவர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, வெறும் வானை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிப் போனார். ஒவ்வோர் ஓட்டையும் திறந்து கிடந்தது. இனி அவரும் வரமாட்டார் என்று ஒழுங்கை முடிவு கட்டியது. ஞாயிறு முழுவதும் என்னோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தங்கச்சி, நடந்து போவதென்றால் எத்தனை மணிக்கு வெளிக்கிடவேண்டும் என்று தனக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை குளுக் குளுக் கேட்கவில்லை. டக டக டக என்று கேட்டது. ஒழுங்கைக்குள் ஒரு லாண்ட்மாஸ்டர் வந்தது. படகு இழுப்பதற்கும் வலை ஏற்றுவதற்கும் பயன்படும் அந்தக் கைபிடி உழவு இயந்திரம், பின்னால் பெட்டியோடு. ஓட்டுபவர் வான் மாமா. பெட்டியை மீன் நாற்றம் போகக் கழுவி, பிள்ளைகள் இருக்கக் கோயில் வாங்கு இரண்டைப் போட்டிருந்தார். பெட்டியைச் சுற்றிப் பிள்ளையார், துர்க்கை, முருகன் எல்லாரும் இருந்தார்கள். ஓட்டை இல்லாத இடத்தில் அவர் சாமி ஒட்டியதை அன்றுதான் கண்டேன்.

"ஏறுங்கோ பிள்ளையள். நான் ஒருத்தன்தான் வாறன்."

பெட்டியின் ஒவ்வொரு பலகையையும் ஸ்குரூட்ரைவரால் குத்திப் பார்த்த பிறகுதான் நான் தங்கச்சியை ஏறவிட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ரிக்கற்றும் பாக்கிறீரோ?" என்று கேட்டார்.

வான் திருத்தி வரும்வரை அப்படித்தான் போனார்கள். வெள்ளைச் சீருடை போட்டுக் கழுத்தில் ரை கட்டிய பிள்ளைகள், திறந்த பெட்டியில், பள்ளிக்கூட வாசல்வரை. மழை வந்தால் எல்லார் தலைக்கும் ஒரே படங்கைப் போர்த்துவார். வீதியில் மற்ற வான்கள் முந்திப் போகும்போது உள்ளிருந்த பிள்ளைகள் கையைக் காட்டிச் சிரித்தார்கள். தங்கச்சி வெட்கத்தில் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொள்வாள். ஆயுள் முழுவதும் எதையாவது மூடியே வாழ்ந்த மனிதர், மூடி இல்லாத வண்டியில், பல் விழுந்த இடம் தெரிய அந்த வான்காரர்களைப் பார்த்துக் கத்துவார்: "உங்கடை வானிலை இவ்வளவு காத்து வருமோடா?"

வான் கொக்குவிலில் ஒரு வேலைத்தலத்தில் நின்றது. ஒருநாள் கல்லூரி முடிந்து பார்க்கப் போனேன். கறள் தின்ற பாகமெல்லாம் நல்ல இரும்பு வரும்வரை வெட்டப்பட்டு, புதுத்தகடு வெல்டிங்கில் ஒட்டப்பட்டிருந்தது. பொருத்துகளில் தண்ணீர் புகாதபடி பசை இழுத்திருந்தார்கள். செந்நிறக் கறள்தடுப்புப் பூச்சு முடிந்து, அடிப்பக்கத்துக்குத் தார்போன்ற கறுப்புப் பூச்சு அடிக்க இருந்தார்கள். மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் இருப்பவர்போல ஒரு ரயரின் மேல் இருந்தார்.

வேலைத்தலத்து ஆள், பிள்ளையார் ஒட்டாத மற்ற முன் கதவின் அடியில் அடைத்திருந்த பட்டியைத் துளைத்தார். கதவுக்குள்ளிருந்து தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் பாயத் தொடங்கியது. வாளி வைத்தார்கள். வாளி நிறைந்தது. இன்னொரு வாளி வைத்தார்கள். எத்தனை மாரிகளின் தண்ணீரோ.

"உவ்வளவும் உள்ளுக்கையோ இருந்தது?" என்றார் மாமா.

"ஓம். நீங்கள்தான் வெளியிலை விடேல்லை."

குனிந்து வாளிக்குள் பார்த்தார். "வெளியிலை விட்டால் சனம் பாக்குமெல்லோ" என்றார். அன்று அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரமே வாய் திரும்பி வந்துவிட்டது. வானும் வந்தது, ஒரே வெள்ளை. சாமிகள் முன் கண்ணாடிக்குள் ஒரு வரிசையில் குடியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிணற்றடியில் வானை நிறுத்தி, அடிப்பக்கத்து உப்புப் போக நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவார். பிறகு ஒரு தென்னோலை ஈர்க்கை உரித்தெடுத்து, குந்தியிருந்து, கதவுகளின் அடி ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்வார். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு வகுப்பும் நடக்கும். "இரும்பு, தண்ணி, ஒட்சிசன். விளங்குதோ? உப்பு சேர்ந்தால் இன்னும் கெதி. மேலை பூசினால் உள்ளுக்கை ஈரம் அடைபட்டுப் போம். இதொண்டும் தெரியாமல் சனம் சும்மா பட்டி பூசுது." என் உயர்தர இரசாயனவியல் பாடம் முழுவதும், என் பெயர் மட்டும் இல்லாமல், அந்த வாயால் வழிந்தது. ஒருநாள் என்னையும் மறித்து வைத்து விளங்கப்படுத்தினார்.

தங்கச்சி சோதனை எழுதினாள். பல்கலைக்கழகம் போனாள். "என்ரை வான்" என்று அவர் தொடங்கியபோது, "லாண்ட்மாஸ்டர்" என்று திருத்தினேன்.

பிறகு கனடாவிலிருந்த மகன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டான். போகும்போது வானை எங்கள் ஒழுங்கையிலேயே விட்டுவிட்டுப் போனார். அன்று பெட்டியில் ஏறிப் போன பிள்ளைகளில் ஒருத்தி இப்போது அதை ஓட்டுகிறாள். அவளுடைய சாவிக்கொத்தில் ஒரு ஈர்க்குத் துண்டு கட்டியிருக்கிறது. மற்ற வான்கள் இன்றைக்கும் வீதியோடு நிற்கின்றன. உப்புக் காற்றாம்.

போன மார்கழியில் மாமா கைபேசியில் அழைத்தார். முகம் முழுக்கக் கம்பளி. பின்னால் எல்லாம் வெள்ளை, ஒரே வெள்ளை.

"பிள்ளை, இஞ்சை ஒரு அநியாயம் கேளும். பனி கரையிறதுக்கு எண்டு றோட்டிலை உப்புப் போடுறாங்கள். உப்பு! லொறியிலை கொண்டுவந்து தாங்களே கொட்டுறாங்கள்! எங்கடை ஒழுங்கைக்கு வராத அந்த வான்காரர் எல்லாரையும் இஞ்சை ஏத்திக்கொண்டு வந்து காட்டோணும்."

"அப்ப மகன்ரை கார்?"

"அதைத்தான் சொல்ல வாறன். கதவுக்குக் கீழை ஓட்டை இருக்கு. நான் அடைக்கேல்லை." பெருமையோடு நிறுத்தினார். பிறகு குரல் தாழ்ந்தது. "குத்தித் துப்புரவாக்குவம் எண்டால் இந்த நாட்டிலை ஒரு ஈர்க்கு இல்லை. ஒரு கட்டு அனுப்பிவிடும். மருமகளுக்குச் சொல்லிப்போடாதையும்."

அவர் கதைத்துக்கொண்டே நடந்ததில், கைபேசிக்குள் ஒரு கார் தெரிந்தது. பின் சில்லுக்கு மேலே, வேலும் மயிலுமாக, சின்னதாக ஒரு முருகன்.

"மாமா, அதுக்குப் பின்னாலை என்ன?"

படம் சட்டென்று காரை விட்டு அவர் முகத்துக்குத் திரும்பியது.

"சின்னன்தான், பிள்ளை" என்றார்.

மறுநாள் ஈர்க்குக் கட்டோடு ஒரு ஸ்குரூட்ரைவரையும் வைத்து அனுப்பினேன்.